எட்டும் உயரம்

ஒரு புத்தகம் தன் இடத்தில் இல்லையென்றால், அறைக்குள் கால்வைத்த உடனேயே சங்கரிக்குத் தெரிந்துவிடும். கொச்சியின் மட்டாஞ்சேரிக் கடைவீதிப் பின்சந்தில், பழைய மிளகுக் கிடங்கொன்றின் தரைத்தளத்தில் இயங்கிய அந்தச் சிறு நூலகத்தை ஊரார் வாயனசாலை என்றார்கள். அவள் அங்கே நூலகராகச் சேர்ந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. திருப்பூணித்துறையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து பூட்டைத் திறந்ததும் அவள் செய்யும் முதல் வேலை, முந்தைய நாள் கைகள் கலைத்துவிட்டுப் போனதை நேராக்குவது. எண்வரிசை பிசகக்கூடாது. முதுகுகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நூலுக்கும் நூலுக்கும் நடுவே விரல் நுழையக்கூடாது. சாய்ந்து நிற்கும் புத்தகம் கூன்விழுந்துவிடும் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள்தான், சிறுவர் நூல்களைத் திறந்த தட்டில் வைக்க வேண்டுமென்று செயற்குழுவோடு மல்லுக்கு நின்றாள். அதுவரை அவை கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. வேண்டிய குழந்தை நூலின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பெயர் தெரிந்து கேட்கும் குழந்தை அந்தப் பகுதியில் இருக்கவில்லை. ஓராண்டில் குழந்தைகளுக்குப் போன புத்தகங்கள் பதினொன்று. அவற்றில் ஏழு, செயலாளர் முகமது இஸ்மாயிலின் பேரன் கணக்கில் இருந்தன.

"விரல் பட்டு அழுக்காவும் டீச்சரே" என்றார் இஸ்மாயில். மசாலா வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, வாயனசாலையைக் கையில் எடுத்துக்கொண்டவர் அவர்; எல்லாருக்கும் இக்கா, அதாவது அண்ணன்.

"ஆவட்டும் இக்கா."

"கிழியும்."

"ஒட்டிக்கலாம்."

"உங்க வாயிலேர்ந்து இதைக் கேக்கணும்னு எனக்கு விதிச்சிருக்கு. சரி, ஒரு வருஷம். பத்துப் புத்தகத்துக்கு மேலே நாசமாச்சுன்னா பழையபடி அலமாரிதான். எழுதிக்கோங்க."

கூட்டக் குறிப்பு எழுதுவது அவள் பொறுப்பாதலால், அந்த நிபந்தனையை அவளே தன் கையால் எழுதினாள்.

மேற்குச் சுவரையொட்டி மூன்றடுக்குத் தட்டொன்று வந்தது. மிகச் சிறியவர்களுக்கான படப்புத்தகங்களும், தமிழ்ச் சங்கத்தார் கொடுத்த தமிழ் நூல்களும் கீழ்த்தட்டில் இடம்பெற்றன. அவற்றைத் தேடி வருபவர்களின் உயரம் அவ்வளவுதான். சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு 'ஒரு பக்கம்' என்றொரு நிகழ்ச்சியும் தொடங்கியது. குழந்தை தானாக ஒரு நூலை எடுத்து, தமிழிலோ மலையாளத்திலோ ஒரே ஒரு பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும். பரிசு இல்லை, ஒலிபெருக்கி இல்லை, யாரும் பேசிப் பாராட்டப்போவதுமில்லை. நான்கு மாதத்தில் எண்பத்தாறு புத்தகங்கள் வீடுகளுக்குப் போய்த் திரும்பின. இரண்டு கிழிந்தன. சங்கரி ஒட்டினாள்.

வந்தவர்களில் பாதிப்பேர் தோட்டங்கரைத் தமிழ் வீடுகளின் பிள்ளைகள். தோடு என்பது உப்பங்கழியிலிருந்து ஊருக்குள் வரும் கால்வாய். பள்ளியில் மலையாளம் படிப்பதால், அவர்கள் மலையாளத்தைக் கடகடவென்று வாசித்தார்கள். தமிழைக் கையால் சுவரைத் தடவி நடப்பதுபோல வாசித்தார்கள். கற்பகம் மட்டும் எதையும் வாசிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண் வாரம் தவறாமல் வந்து, கீழ்த்தட்டின் முன் குந்தி, வெகுநேரம் எடுத்துப் பார்த்துவிட்டு, தன் முறை வரும்போது "அடுத்த வாரம்" என்பாள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமைக்குக் கட்டாயம் படிப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சரே, நாளைக்கு விடிகாலம் வெள்ளம் ஏறும், கேட்டோ."

விருச்சிகம் என்னும் கார்த்திகை மாதத்தில் கடல் ஏறித் தோடுகள் நிரம்பும் வேலியேற்றம் கொச்சியில் யாருக்கும் புதிதல்ல. "ஏறட்டும். பத்து மணிக்குள்ளே இறங்கிடும் இல்லே?" என்றாள் சங்கரி, பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இறங்கும்."

"அப்போ பத்து மணிக்கு வந்துடு. நாளைக்கு உன் முறை."

"அதில்ல டீச்சரே. போன அமாவாசைக்கு எங்க வீட்ல அடுப்பு வரைக்கும் வந்துச்சு. முன்னெல்லாம் படியோட நிக்கும். ரோட்டை உயரமாக்கினாங்கல்ல? அதுக்கப்புறம் வெள்ளம் வேற வழியா வருது."

"போன வாரம் தொண்டை கட்டிக்கிச்சு. அதுக்கு முந்தின வாரம் சித்தி கல்யாணம். இந்த வாரம் வெள்ளமா?"

கற்பகம் சற்று யோசித்தாள். "சித்தி கல்யாணம் நெசந்தான்" என்றாள்.

சங்கரிக்குச் சிரிப்பு வந்தது. சபைக்கூச்சமுள்ள குழந்தையைச் சிரித்துத் தப்பிக்க விடக்கூடாது என்றெண்ணி அடக்கிக்கொண்டாள். "பத்து மணி" என்றாள் மறுபடியும். பிறகு பின்னறைக்குப் போய், பழைய வார இதழ்களை மாதவாரியாகக் கட்டத் தொடங்கினாள். அவள் திரும்பி வந்தபோது குழந்தைகள் போய்விட்டிருந்தார்கள். கீழ்த்தட்டு காலியாக இருந்தது.

அதிலிருந்த நூல்கள் அனைத்தும் பத்திரிகை மேசைமேல் குவிந்திருந்தன. தமிழும் மலையாளமும் கலந்து, முதுகுகள் உட்புறமாகத் திரும்பி, பெரியவை அடியிலும் சிறியவை மேலிலுமாக நான்கு அடுக்குகள். கடை வைத்து விளையாடியிருக்கிறார்கள் என்று சங்கரி நினைத்தாள். காலையில் பத்திரிகை படிக்க வரும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பத்து மணிக்கு நிகழ்ச்சிக்கும் அந்த மேசைதான் வேண்டும். ஏழேகால் பேருந்தை விட்டுவிட்டு, நாற்பது நிமிடம் தரையில் உட்கார்ந்து, எண்வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கீழ்த்தட்டில் நிறுத்தினாள். நாற்பத்தொன்றில் நாற்பது இருந்தன. விடுபட்ட தமிழ் நூலின் எண்ணை எழுதி, எதிரே 'இடத்தில் இல்லை' என்று குறித்தாள். கடைசி நூலை உள்ளங்கையால் தட்டி உள்ளே செலுத்தினாள். விரல் நுழைய இடமில்லை. பூட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் சந்துக்குள் திரும்பியபோது, தண்ணீர் சாக்கடை வழியே இறங்கிக்கொண்டிருந்தது. சாலை உயர்ந்துவிட்டதால் வாயனசாலையின் வாசற்படி இப்போது மேலேறுவதற்கல்ல, கீழிறங்குவதற்கு. இவ்வளவு நாள் அதன்வழி நடந்தும் அவள் அதை எண்ணிப் பார்த்ததில்லை. கதவைத் திறந்தாள். சேறும் டீசலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. சுவரைச் சுற்றி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒரு பழுப்புக் கோடு ஓடியது. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல எங்கும் பிசகாமல் இருந்தது.

நடுத்தட்டும் மேல்தட்டும் காய்ந்தே இருந்தன. பத்திரிகை மேசையின் கால்கள் மட்டும் நனைந்திருந்தன. கீழ்த்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்க முயன்றாள், வரவில்லை. உப்புநீரைக் குடித்து உப்பிய நாற்பதும், நேற்று அவள் நெருக்கி வைத்த இடத்துக்குள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. இழுத்ததில் முதுகு அட்டை மட்டும் கையோடு வந்தது. கடைசியில், பக்கத்து மரக்கடையிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டு, தட்டின் பக்கப் பலகையைப் பெயர்த்துத்தான் அவற்றை வெளியே எடுக்க முடிந்தது.

பத்து மணிக்குக் கற்பகம் வந்தாள். கூடவே அவள் அம்மா வசந்தி, பாவாடையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியபடி, இஞ்சிக் கிடங்கில் வேலைக்குப் போகும் வழியில் நின்றாள்.

"இங்கயும் ஏறிடுச்சா" என்றாள் வசந்தி. "நம்ம வீட்ல முட்டுக்கு வந்துச்சு டீச்சர். நாலு மணிக்கு எந்திரிச்சு அரிசியைக் கட்டில்ல ஏத்து, அடுப்பை ஏத்துன்னு நான் கத்துறேன். இவ முதல்ல புத்தகத்தைத் தூக்கிப் பரண்ல வைக்கிறா."

கற்பகம் அம்மாவின் பேச்சைக் கேட்கவில்லை. பத்திரிகை மேசையைப் பார்த்தாள். பிறகு தரையில் விரித்த செய்தித்தாள்மேல் கிடந்தவற்றைப் பார்த்தாள். மறுபடியும் மேசையைப் பார்த்தாள்.

"நான் மேலே ஏத்தி வச்சேன்" என்றாள்.

"பார்த்தேன்" என்றாள் சங்கரி.

"பின்னே?"

"நான்தான் இறக்கி வச்சேன்."

ஏன் என்று குழந்தை கேட்டிருந்தால், சங்கரி ஒரு விடை சொல்லியிருப்பாள். கற்பகம் கேட்கவில்லை.

"வீட்ல ஒரு துணி மடிச்சு வைக்க மாட்டா" என்றாள் வசந்தி. "இங்க வந்து அடுக்கி வச்சாளாக்கும். வா, நேரமாச்சு."

அவர்கள் போன பிறகுதான் அந்த நான்கு அடுக்குகளும் சங்கரியின் மனத்தில் தெளிவாக எழுந்தன. பெரியவை அடியில், சிறியவை மேலில். மேசையின் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி. விளையாட்டுக்கு யாரும் அப்படி அடுக்குவதில்லை. வீட்டில் தண்ணீர் வரும்போது கட்டில்மேல் சாமான் அடுக்கிப் பழகிய கை அது.

புதன்கிழமை மாலை செயற்குழு கூடியது. பக்கங்கள் ஒட்டிக் கட்டியாகிப்போன நாற்பதையும் சங்கரி மூலையில் வைத்திருந்தாள். இஸ்மாயில் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கடல் ஏறினதுக்கு நீங்க என்ன செய்வீங்க டீச்சரே. காரணம்: வேலியேற்றம். எழுதுங்க."

"காரணம் அதில்லே இக்கா. முந்தின நாளே ஒரு குழந்தை சொல்லிச்சு. சொல்லிட்டு, எல்லாத்தையும் மேசைமேலே ஏத்தியும் வச்சிடுச்சு. நான் கலைஞ்சிருக்குன்னு திரும்பக் கீழே அடுக்கினேன். ஒரு புத்தகமும் நனைஞ்சிருக்க வேண்டியதில்லே. அதை எழுதணும்."

இஸ்மாயில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், அதனாலேயே அவரோடு வழக்காடுவது கடினம்.

"பத்து வயசுக் குழந்தை சொன்னதைக் கேக்கலேன்னு கூட்டக் குறிப்புல எழுதுவாங்களா? அடுக்கி வைக்கிறது உங்க வேலை. வேலையைச் செஞ்சீங்க. அது ஒரு குத்தமா?"

"தட்டை ரெண்டடி உசத்திக் கல்லு மேலே வச்சா திறந்தே வச்சுக்கலாம். எப்ப தண்ணி வரும்னு பிள்ளைங்களுக்குத் தெரியும். அவங்களையே கேட்டு—"

"ரெண்டடி உசத்தினா சின்னதுங்களுக்கு எட்டாது. எட்டாத உயரத்துல திறந்து வச்சா என்ன, பூட்டி வச்சா என்ன? பத்துன்னு பேசினோம். நாற்பது போயிருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்களே எழுதினதுதானே."

அவள் எழுதினாள். காரணம்: வேலியேற்றம். சேதம்: நாற்பது. எஞ்சிய சிறுவர் நூல்கள் கண்ணாடி அலமாரிக்கு மாற்றப்படும். ஒவ்வொரு வாக்கியமும் பிழையற்றதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் மேசையைத் துடைத்து, நாற்காலிகளைப் போட்டு வைத்தாள். வாசலில் இரண்டு சிறுமிகள் எட்டிப்பார்த்து, தட்டு இருந்த இடத்தில் சுவர் மட்டும் இருப்பதைக் கண்டு திரும்பிப்போனார்கள். பத்தரை மணிக்குக் கற்பகம் தனியாக வந்தாள். பாலிதீன் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் செய்தித்தாள். அதைப் பிரித்து ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். வளை மாற்றிக்கொண்டே போகும் நண்டு ஒன்றின் கதை. பதிவேட்டில் 'இடத்தில் இல்லை' என்று குறிக்கப்பட்ட நூல்.

"சொல்லாம எடுத்துட்டுப் போனேன்" என்றாள்.

சங்கரி அதைத் திறந்தாள். முழங்காலளவு தண்ணீர் வந்த வீட்டிலிருந்து அது மொடமொடவென்று காய்ந்தபடி வந்திருந்தது. ஏழாம் பக்கத்தில், தமிழ் வரி ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் மலையாள எழுத்தில் அதே சொற்கள் எழுதப்பட்டிருந்தன. சில இடங்களில் அழித்து மறுபடி எழுதியிருந்தது. பென்சில் கோடு கண்டால் ரப்பரை எடுப்பது சங்கரியின் வழக்கம். அவள் பக்கத்தை மூடினாள்.

"இதைத்தான் படிக்கிறதா இருந்தியா?"

கற்பகம் தலையசைத்தாள்.

"இப்போ படியேன். நான் கேக்கறேன்."

குழந்தை காலி நாற்காலிகளை ஒருமுறை எண்ணுவதுபோலப் பார்த்தாள். "வேண்டாம் டீச்சரே."

"வேற புத்தகம் எடுத்துட்டுப் போ. எது வேணும்னு சொல்லு, திறந்து தரேன்."

கற்பகம் கண்ணாடி அலமாரியருகே போனாள். நூல்கள் எண்வரிசையில், முதுகுகள் மட்டும் தெரிய, அவள் தலைக்கு மேலே நின்றன. அண்ணாந்து சிறிது நேரம் பார்த்தாள்.

"பேரு தெரியாது" என்றாள்.

சாவி சங்கரியின் கையில் இருந்தது. அவள் எழுந்து அலமாரியைத் திறப்பதற்குள் குழந்தை வாசலுக்குப் போய்விட்டாள்.

"கற்பகம், அடுத்த வெள்ளம் எப்போ?"

"அமாவாசைக்கு. வர்ற சனிக்கிழமை விடிகாலம்." சாலைக்கு ஏறும் படியில் ஒரு காலை வைத்து நின்றபடி அவள் திரும்பிப் பார்த்தாள். "இப்ப எதுக்கு டீச்சரே? எல்லாம் மேலேதானே இருக்கு."