சிவப்புக் கோட்டுக்கு மேலே

சாந்த் பாஷா வீட்டில் அறைகள் ஏழு, ஆள் ஒருவர். மனைவி நூரைன் மௌத்தாகி ஆறு வருஷம். ஒரே மகன் தௌஹீத் துபாயில் பழ வியாபாரம் செய்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போன் வரும். தகப்பனும் மகனும் வாழைக்காயைப் பற்றிப் பேசுவார்கள். வேறு பேச்சு இருவருக்கும் வராது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது கெட்ட சேதி. சாந்த் பாஷா இங்கிருந்து முதல் தடவையாகக் கப்பலில் மகனுக்கு அனுப்பிய குளிர் கண்டெய்னரைத் திறந்தால், நடுவிலிருந்த காய் எல்லாம் பழுத்துக் கறுத்துக் கிடந்ததாம். பெட்டிக்குப் பெட்டி அச்சடித்திருந்தது அவருடைய தகப்பனார் ரஹமத் சாகிப் பெயர்.

சாந்த் பாஷாவுக்குக் கோபம் தாங்கவில்லை. விசாரித்ததில், சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் வழியில் குளிரூட்டும் எந்திரம் நாற்பது நிமிஷம் நின்றிருந்தது தெரிந்தது. டீசல் போடும்போது நிறுத்தினேன் என்றான் டிரைவர் இருசப்பன். பெரியவர் ஒப்பவில்லை. வேங்கிக்கால் லாரி ஆபீசில் பத்து டிரைவர்கள் நடுவில் நின்று, டீசலைத் திருடி விற்கத்தான் எந்திரத்தை அணைத்தான் என்றார். ஆபீஸ் நடத்தும் இராமலிங்கம், பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருசப்பனிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தௌஹீத் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அத்தா, பெட்டிங்க மேல வைக்கோல் அடைச்சது யாரு?"

"நான்தான். ஏன்?"

அவர்கள் குடும்பத்தில் லாரிக்கு லோடு ஏற்றினால் இடுக்கு விடுவதில்லை. காய் ஆடி அடிபடாமல் இருக்க, வைக்கோலைத் திணித்து இறுக்குவார்கள். கண்டெய்னருக்குள் கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதற்கு மேல் காலியாக விட வேண்டும் என்று கப்பல் கம்பெனி ஆள் சொல்லிவிட்டுத்தான் போனான். லோடு ஏற்ற எனக்கா சொல்லித் தருகிறான் என்று, வேலையாட்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஏணி வைத்து ஏறி, பெரியவர் தம் கையாலேயே அடைத்தார்.

"குளிர் காத்து கீழேர்ந்து ஏறி, அந்த வழியாத்தான் திரும்பிப் போகணும். அடைச்சிட்டா நடுப்பெட்டி வெந்துடும். விடுங்கத்தா. இன்சூரன்ஸ் சர்வேயர் வர்றதுக்கு முன்னாடியே வைக்கோலை வாரிப் போட்டுட்டேன். பெட்டியில இருக்கிற தாதா பேரு கெடக்கூடாதில்ல."

சாந்த் பாஷா போனை வைத்தார். தம் வாயால் ஒருவனைத் திருடன் ஆக்கியாகிவிட்டது. தகப்பனார் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துப் போய் இருசப்பன் முன்னால் நிறுத்தியிருப்பார். இப்போது இழுத்துப் போக ஆள் இல்லை. போகாதே என்று தடுக்கவும் ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை, இஸ்திரி போட்ட ஜிப்பாவோடு வேங்கிக்கால் போனார். இருசப்பனை வரச் சொல்லிப் போன் செய்திருந்தார். இராமலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரியவர் உட்காரவில்லை.

"காய் கெட்டது என்னால. காத்து போற வழியை நான்தான் வைக்கோல் வச்சு அடைச்சேன். இவன் திருடல. திருடினான்னு நான் சொன்னது பொய்."

உள்ளே போய்ப் பேசலாமே பாய் என்று இராமலிங்கம் இழுத்தார். பழி சொன்னது இந்த இடத்தில்தானே என்றார் பெரியவர்.

"வாழைக்காய்க்கு மெத்தை போட்டு அனுப்பியிருக்காரு பாய்," என்றான் ஒரு டிரைவர். நாலு பேர் சிரித்தார்கள்.

இருசப்பன் சிரிக்கவில்லை. "ஒரு வாரமா என் பொண்டாட்டி தெருக்குழாய்க்குப் போகல பாய்," என்றான். இராமலிங்கம் நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டு லாரியைப் பார்க்க நடந்தான். பெரியவர் நீட்டிய கையை அவன் பார்க்கவே இல்லை.

அவர் நிமிர்ந்தபடியே பஸ் ஸ்டாப்புக்கு வந்து, மகனைப் போனில் கூப்பிட்டு, ஆபீசில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றான் தௌஹீத். போன் அறுந்தது.

திருவண்ணாமலைக்குப் பஸ் வந்தது. உட்கார இடமும் இருந்தது. வீட்டில் அவருக்கு அவசரமாக ஒன்றுமில்லை. இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார்.