ஐந்தாவது பாட்டு

ஆல்பம் வெளியான மூன்றாம் வாரம் உடற்பயிற்சிக் கூடம், துணிக்கடை, பேருந்து என்று எங்கே போனாலும் அண்ணியின் குரல்தான். கேட்டவன் காலெல்லாம் தானாக ஆடியது. அதே வாரம் அண்ணியின் சொந்தக் குரல் மொத்தமாக அடைத்துக்கொண்டது.

குழு என்று பெயர்தான். மேடையில் ஆட இரண்டு பெண்கள், பாட அண்ணி. மெட்டு, தாளம், கம்ப்யூட்டர், கடைசி முடிவு எல்லாம் அவள் கொழுந்தன். ஆடுகிற பெண்கள் அவனை மாஸ்டர் என்பார்கள். அண்ணி மட்டும் "எங்க வீட்டு சர்வாதிகாரி" என்பாள். அவன் அதற்கும் பல்லைக் காட்டுவான்.

பதிவெல்லாம் அவன் அறையில். துணி அலமாரியைக் காலி செய்து, கம்பளி தொங்கவிட்டு, உள்ளே மைக் வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு வந்து, அண்ணி அதற்குள் நின்று வியர்க்க வியர்க்கப் பாடுவாள்.

ஐந்தாவது பாட்டில்தான் அவன் பார்த்தான். திரையில் கோடாக ஓடிய குரல் மேலே போகும்போது நடுங்கிச் சரிந்தது. கூடவே ஒரு கரகரப்பு. பிசகிய சுருதியைத் தூக்கி நிறுத்தும் மென்பொருளை, பாட்டு முடிந்த பிறகுதான் அவன் போடுவது வழக்கம். அன்று பாடும்போதே, அண்ணியின் ஹெட்போனிலேயே போட்டுவிட்டான். கரகரப்பையும் வழித்தெடுத்தான். அவள் காதில் அவள் குரல் பளிச்சென்று விழுந்தது.

"தம்பி, தொண்டை ஒரு மாதிரி இருக்குப்பா. நல்லா வருதா?"

"தேனா வருது அண்ணி. இன்னும் மேல போங்க."

வெளியீட்டுத் தேதி நெருக்கியது உண்மைதான். ஆனால் ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் குடி ஒன்றும் முழுகிப் போயிருக்காது. அது அவனுக்கு அப்போதே தெரியும். தெரிந்தே இன்னும் நான்கு பாட்டு பாட வைத்தான்.

தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "மூணு மாசம் முன்னாடியே நிறுத்தியிருந்தா ஓய்வுலயே சரியாப் போயிருக்கும்மா. இனிமே ஆபரேஷன்தான். பழைய குரல் வரும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"பிள்ளைங்ககிட்ட கத்தாதே, கத்தாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று அண்ணன் பொரிந்து தள்ளினான். பக்கத்தில் நின்ற அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அந்தத் தலையை என்ன செய்தால் தகும்?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் அண்ணி நோட்டுப் புத்தகத்தோடு அவன் அறைக்கு வந்தாள். டீச்சர் கையெழுத்து, குண்டு குண்டாக: 'என் குரலை ஒரு தடவை கேக்கணும். ஆல்பத்துல இருக்கறது வேணாம். நீ கை வைக்காதது.'

முதல் பாட்டைப் போட்டான். அதில் ஒரு பழுதும் இல்லை, அதனால்தான் போட்டான். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கன்னம் நனைந்தது. பிறகு எழுதினாள்: 'நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் கத்திக் கத்திக் கெடுத்துக்கிட்டேன்.'

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. ஐந்தாவது பாட்டைப் போட்டான்.

மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. அண்ணி கண்ணைத் திறந்தாள். திரையில் இருந்த பதிவுத் தேதியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"அப்பவே தெரியும் அண்ணி," என்றான். "உங்க காதுக்கு மட்டும் சரிபண்ணிக் குடுத்தேன்."

அண்ணி பேனாவை எடுத்தாள். எழுதவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நல்லா வருதான்னு... கேட்டேனேப்பா."

காற்றும் கரகரப்புமாக, பாதி எழுத்து விழுங்கிப் போய் வந்தது அந்தக் குரல்.

"பேசாதீங்க அண்ணி, பேசாதீங்க," என்று அவன் அழுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது.