முதலில் பேசக் கூடாது

தெருவில் பார்த்தால் நாம் முதலில் பேசக் கூடாது. சங்கத்தில் தொண்டராகச் சேர்கிறவர் யாராக இருந்தாலும் லென்ஸ் அக்கா முதல் நாளே சொல்லிவிடுகிற விதி இது. சங்கத்துக்கு வருகிற திருநங்கையோ திருநம்பியோ அம்மாவோடு கடைக்கு வந்திருக்கலாம், அண்ணனோடு பஸ்ஸுக்கு நிற்கலாம். வீட்டில் சொல்லியிருக்கிறார்களா என்பது நமக்குத் தெரியாது. அவர்கள் சிரித்தால் சிரிக்கலாம். இல்லையென்றால் முன்பின் தெரியாதவர் மாதிரி நகர்ந்துவிட வேண்டும்.

விதி சும்மா வரவில்லை. சங்கம் தொடங்கிய புதிதில் ஒரு தொண்டர் பஸ் நிறுத்தத்தில், "என்ன தங்கச்சி, ஆளையே காணோம்?" என்று வாய் நிறையக் கேட்டுவிட்டார். தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்றது அப்பா. அவருக்கு அவள் அன்றுவரை மகன். அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. போனும் அணைந்து கிடந்தது.

லென்ஸ் அக்கா திருநங்கை. கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் அந்தப் பெயர். சங்கத்தை அவளும் வேன்காரரும் சேர்ந்து நடத்துகிறார்கள். வேன்காரர் திருநம்பி, மகளாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு சாவி. சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. மருத்துவமனைக்குத் துணை போவது, வாடகைக்கு வீடு தேடிக்கொடுப்பது, அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, இவைதான் வேலை.

ஒரு சனிக்கிழமை மதியம் வக்கீல் கண்ணாடிக் கடைக்குள் வந்தான். வக்கீல் என்பது சங்கம் வைத்த பெயர். பிழைப்பு என்னவோ செல்போன் பழுதுபார்ப்பதுதான். ஆனால் டீயில் சர்க்கரை கம்மி என்றால்கூட இரண்டு தரப்புக்கும் அவனே நின்று வாதாடுவான். கூட அவன் அம்மா வந்திருந்தார். தையல் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறவர். வீட்டில் அவன் இன்னும் மகள்தான் என்பது லென்ஸ் அக்காவுக்குத் தெரியும்.

அவன் அவளைப் பார்த்தான். சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"வாங்கம்மா. யாருக்குக் கண்ணாடி?"

"இவளுக்குத்தான். பொழுதன்னிக்கும் குட்டிக் குட்டி ஸ்க்ரூவையே முறைச்சுப் பாத்துக் கண்ணைக் கெடுத்து வச்சிருக்கா."

"இதுக்கு முன்னாடி நம்ம கடைக்கு வந்திருக்கீங்களா?" என்று லென்ஸ் அக்கா அவனைக் கேட்டாள். நடிப்பென்று வந்துவிட்டால் அரைகுறையாக இருக்கலாமா?

"இல்ல," என்றான்.

அம்மா பூப்போட்ட ஃபிரேம் ஒன்றை எடுத்தார். அவன் கை கறுப்புச் சதுர ஃபிரேமுக்குப் போனது.

"அதைப் போட்டா கணக்கு வாத்தியார் மாதிரி இருப்படி."

அவன் ஃபிரேமைக் கையிலேயே வைத்திருந்தான். வக்கீலுக்குப் பேச்சு வராமல் போனதை அவள் அன்றுதான் பார்த்தாள். பாவம், பயந்துபோயிருக்கிறான், நாம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். "கறுப்பு ஃபிரேம் நல்லா உழைக்கும்மா" என்று வியாபாரப் பேச்சாக ஒரு வார்த்தை மட்டும் போட்டுவைத்தாள். அம்மா கறுப்புக்கே சம்மதித்தார்.

இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க, முகத்தருகே முகம் கொண்டுபோய் நிற்க வேண்டும். "என் கண்ணையே பாருங்க," என்றாள், எல்லாரிடமும் சொல்வதுபோல. அவன் பார்த்தான், ரொம்ப நேரம். அவள் ஸ்கேலின் கோட்டையும் கண்மணியையும் மட்டும் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை தயாராகிவிடும் என்று சொல்லி அனுப்பியபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு அவன் வரவில்லை. எல்லாரும் போன பிறகு வேன்காரர் நாற்காலிகளை அடுக்குவதை நிறுத்தினார்.

"லென்ஸு, இப்படி உக்காரு. வக்கீல் போன் பண்ணான். இனிமே வரமாட்டானாம்."

"வீட்டுல தெரிஞ்சிடுச்சா அண்ணே?"

"இல்ல, இன்னும் தெரியல. அதான் பிரச்சனையே. வர்ற திங்கக்கிழமை அவனைப் பெரியம்மா ஊருக்கு அனுப்பறாங்க. அங்க போனா பெரியப்பா கடையில உக்காரணும், முடி வளக்கணும், மூச்சு விடாம கெடக்கணும். அதுக்குள்ள அம்மாகிட்ட சொல்லிடணும்னு பாத்திருக்கான். தனியா சொல்ல நெஞ்சு வரல. நம்மள்ல ஒருத்தர் வேலை வெட்டின்னு நல்லா இருக்கறதை அம்மா கண்ணால பாக்கட்டும், மிச்சத்தை நான் பேசிக்கறேன்னு உன் கடையைத் தேடிக் கூட்டிட்டு வந்திருக்கான். நீ 'என்னப்பா'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட மாட்டியான்னு நின்னிருக்கான். நீ என்ன கேட்ட?"

"இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களான்னு கேட்டேன்."

"சரியாப்போச்சு."

"அவன் ஒரு சிரிப்பு சிரிச்சிருக்கலாமே அண்ணே. நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்?"

"சிரிக்கணும்னு நெனச்சுத்தான் வந்திருக்கான், முகம் கல்லாயிடுச்சாம். 'அக்காவே என்னை வெளியில தெரியாதுன்னுட்டாங்க, அம்மா மட்டும் எப்படி ஏத்துப்பாங்க?'ன்னு கேக்கறான்."

அவள் அங்கேயே போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

"இந்த விதியை நான் என்ன என் அழகுக்கா போட்டேன்?" என்றாள்.

"விதி தப்புன்னு நான் சொல்லல. அது காப்பாத்துன ஆளுங்கள்ல நானும் ஒருத்தன்."

அவள் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். அவனைப் பற்றி அவள் வாயைத் திறக்கக் கூடாது. அவன் மனசு மாறியிருந்தால்? அந்த உரிமை அவளுக்கு இல்லை. ஆனால் தன்னைப் பற்றி? அதற்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை. தடை சொன்னது கடை முதலாளிதான். "என்கிட்ட சொன்னது போதும். வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்க வேணாம்," என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை, மறந்தும் போகவில்லை.

"வேலை போனா என் வேன்ல ஏறிக்கோ," என்றார் வேன்காரர், அவள் யோசனையைச் சொன்னதும். "பிள்ளைங்களுக்கு மூக்கு சிந்தி விடணும். சம்மதமா?"

வெள்ளிக்கிழமை அம்மாவும் அவனும் வந்தார்கள். அவன் அவள் பக்கமே திரும்பவில்லை. முதலாளி கல்லாவில் பில் எழுதிக்கொண்டிருந்தார். லென்ஸ் அக்கா கண்ணாடியை மாட்டிப் பார்த்து, காதுப் பக்கம் கொஞ்சம் சூடுகாட்டி வளைத்து, துடைத்துக் கொடுத்தாள். அம்மா கைப்பையை மூடினார்.

"அம்மா, ஒரு நிமிஷம். என்னைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நான் திருநங்கை. எங்க வீட்டுல என்னை ஆம்பளைப் பிள்ளையாத்தான் வளத்தாங்க. இப்ப இங்க வேலை பாக்கறேன், தனியா வீடு எடுத்திருக்கேன், நல்லா இருக்கேன்."

முதலாளியின் பேனா நின்றது.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இதை எதுக்கும்மா எங்கிட்ட சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. அதற்கான பதில் அவளுடையது இல்லை. "சொல்லணும்னு தோணிச்சும்மா," என்றாள். எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே பட்டது. காரியத்தை மறுபடியும் கெடுத்துவிட்டேனா?

"எனக்காகச் சொல்றாங்கம்மா," என்றான் வக்கீல்.

அம்மா திரும்பினார்.

"எனக்கு இவங்களை நல்லாத் தெரியும். புதன்கிழமை நான் போறது கம்ப்யூட்டர் கிளாஸ் இல்ல, இவங்க சங்கத்துக்கு. நானும் இவங்க மாதிரிதாம்மா. ஆனா எதிர்ப்பக்கத்துல இருந்து."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். கைப்பையின் பிடியைப் பிடித்த விரல்கள் பிடித்தபடியே இருந்தன. பிறகு லென்ஸ் அக்காவைத்தான் கேட்டார்.

"உங்கம்மா உங்ககூட பேசறாங்களா?"

ஒரு பொய் சொன்னால் எல்லாருக்கும் சுலபமாகப் போகும். அவள் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை பேசுவாங்க. சாப்பிட்டியான்னு கேப்பாங்க. உடனே வச்சிடுவாங்க."

"அவ்வளவுதானா?"

"ரொம்ப நாள் அதுவும் இல்லாம இருந்துச்சும்மா."

அம்மா எழுந்தார். மகனைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் புரியல. திங்கக்கிழமை ஊருக்குப் போக வேணாம். பெரியம்மாகிட்ட நான் பேசிக்கறேன். வேற எதையும் இப்ப எங்கிட்ட கேக்காத."

இருவரும் வெளியே போனார்கள். நடுவே இன்னொரு ஆள் நடக்கலாம், அவ்வளவு இடைவெளி. தெருவைக் கடக்கிற இடத்தில் ஒரு லாரி வேகமாக வந்தபோது, அம்மாவின் கை தானாக நீண்டு அவன் நெஞ்சுக்குக் குறுக்கே நின்றது. லாரி போனதும் கை இறங்கிக்கொண்டது.

லென்ஸ் அக்கா கண்ணாடிக் கதவருகிலேயே நின்றாள். பின்னால் முதலாளி பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"இங்க கொஞ்சம் வா," என்றார்.

அவள் போனாள்.