கடைசி இடத்துச் சூப்

நிபியா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். தாடை வீங்கி வருகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. அதனால் எழுத நேரம் நிறையக் கிடைத்தது, எழுதத்தான் விஷயம் கிடைக்கவில்லை. அது 2007. உருகுவேயின் தலைநகர் மொந்தெவிதேயோவில் கணினி வைத்திருந்தவர்கள் எல்லோரும் வலைப்பூ தொடங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய நண்பர்கள் மூன்று பேரும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். சரி, இவர்கள் எழுதுவதைப் பற்றியே நாம் எழுதிவிடுவோம் என்று நிபியா ஆரம்பித்துவிட்டாள்.

மாதாமாதம் இருபத்தொன்பதாம் தேதி காலையில் தரவரிசை வெளியாகும். அன்று ஊர் முழுக்க, உருளைக்கிழங்கு மாவை உருட்டி வேகவைக்கும் நியோக்கி சமைக்கும் நாள். மதியம் நால்வரும் நிபியா வீட்டில் நியோக்கி தின்றுகொண்டே அதைச் சத்தமாகப் படிப்பார்கள். மதிப்பெண் நட்சத்திரக் கணக்கில் இல்லை, மாத்தேக் கணக்கில். கசப்பு இலையில் வெந்நீர் ஊற்றி ஒரே குடுவையில் ஆள்மாற்றி ஆள் உறிஞ்சும் மாத்தே இல்லாமல் அந்த ஊரில் பொழுது நகராது. ஐந்து மாத்தே என்றால் அருமை. ஆறிப்போன அரை மாத்தே என்றால் தலையில் துண்டு.

ஒத்திலியா கால்பந்து நடுவர்களைத் திட்டி எழுதினாள், நாலு மாத்தே. எபேர் தன்னை விட்டுப்போன காதலிக்குக் கவிதை எழுதினான். கவிதைக்கு ஒன்றும் விடாமுயற்சிக்கு இரண்டுமாக மூன்று. அரை மாத்தே எப்போதும் வில்மாருக்கு.

மருந்துக்கடையில் வேலை பார்த்த வில்மார் அப்பாவுடன் வசித்தான். அவன் வலைப்பூவின் பெயர் 'இன்று'. தினமும் மூன்று வரி. "இன்று பருப்பு சூப். அப்பா இரண்டு தட்டு. கடற்கரைச் சாலை வரை நடந்தார், காற்று அதிகம்." மறுநாள் பூசணி சூப். அதற்கும் மறுநாள் மறுபடியும் பருப்பு.

"ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுப் பட்டியலில்கூட ஞாயிற்றுக்கிழமை ஒரு இனிப்பு வரும்" என்று நிபியா எழுதினாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வில்மாரும் சிரித்தான். ஆறு மாதம் அப்படியே சிரித்தான்.

ஏழாம் மாதம் 'இன்று' மாறியது. அப்பா இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு கிளம்பினார். வீட்டுக்கு வழி தெரியாமல் அலைதடுப்புச் சுவரில் மீன்பிடிப்பவர்களிடம் போய், இது யார் வீட்டுச் சமையலறை என்று சண்டை போட்டார். நிபியா வேலை நேரத்தில் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். வீங்கிய தாடைகள் திரும்பிப் பார்த்தன. அந்த மாதம் நாலரை மாத்தே, முதல் இடம்.

நியோக்கி முடிந்ததும் கைதட்டினார்கள். நிபியா குடுவையில் வெந்நீர் ஊற்றி முதலில் வில்மாரிடம் நீட்டினாள். அவன் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நன்றி" என்றான்.

மாத்தே சுற்றில் யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால், எனக்குப் போதும், இனி என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று அர்த்தம். வயிறு நிறைந்த பிறகு சொல்வது வழக்கம். முதல் குடுவையிலேயே சொல்லி அவர்கள் யாரும் கேட்டதில்லை. எபேர் ரொட்டி மெல்லுவதை அப்படியே நிறுத்தினான். வில்மார் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். நிபியாவும் பின்னாலேயே போனாள்.

"என்னடா ஆச்சு? முதல் இடம் குடுத்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற?"

"எல்லாம் நான் கட்டிவிட்ட கதை, நிபியா. செருப்பு, மீன்காரங்க, எல்லாமே. ஒரு தடவையாவது கடைசியில வராம இருக்கலாமேன்னு எழுதினேன்."

"எழுதினா என்ன? நல்லாத்தானே இருந்துச்சு."

"மாபேல் படிச்சுட்டா."

மாபேல் அவன் அக்கா. பொருளாதாரம் சரிந்து ஊரில் எல்லோருக்கும் வேலை போன அந்த 2002-இல் ஸ்பெயினுக்குப் போனவள். யாரோ ஒரு கிழவியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் அங்கேயே இருந்தாள்.

"அந்த வலைப்பூவே அவளுக்காகத்தான். தினமும் அப்பா சாப்பிட்டாரா, நடந்தாரான்னு பாத்துட்டுத்தான் வேலைய ஆரம்பிப்பா. அம்மாவுக்கு மறதி வந்ததும் இப்படித்தான், செருப்புலதான் ஆரம்பிச்சுது. இப்ப அப்பாவுக்கும் வந்துடுச்சுன்னு போன்ல ஒரே அழுகை. வேலைய விட்டுட்டுக் கிளம்பறேங்கறா."

"பொய்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நம்பல. அப்பாவே பேசினாரு. அம்மாவும் அப்ப போன்ல நல்லாத்தான் பேசினாங்கன்னு சொல்றா. இப்ப நான் பருப்பு சூப்னு எழுதினா எதையோ மறைக்கறேன்னு நினைக்கறா. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது அந்த மூணு வரிதான். அதைக் கெடுத்துட்டேன்."

நிபியாவுக்குக் காது சுட்டது. ஆறு மாதமாக ஒரு மகளுக்கு அவள் அப்பாவைப் பற்றி வந்த கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தான் மதிப்பெண் போட்டிருக்கிறோம் என்று புரிந்தது. வெட்கமாக இருந்தது. அவமானமாகவே இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் அவள் வில்மார் வீட்டுக்குப் போனாள். அடுத்த நாளும் போனாள். பிறகு ஒத்திலியா போனாள், எபேர் போனான்.

"என்னம்மா இது, ஆள் மாத்தி ஆள் வர்றீங்க? உங்க வீட்டுல எல்லாம் அடுப்பு அணைஞ்சு போச்சா?" என்றார் வில்மாரின் அப்பா அதெமார். பெரியவர்களை அங்கே 'தோன்' என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"உங்க சூப்புக்கு மார்க் போட வந்திருக்கோம், தோன் அதெமார்" என்றாள் நிபியா.

"போடு, போடு. உப்பு கம்மின்னு எழுது. இந்தப் பய டாக்டர் சொன்னதக் கேட்டு உப்பையே கண்ணுல காட்ட மாட்டேங்கறான்."

வாரக் கடைசியில் நிபியா தன் வலைப்பூவில் எழுதினாள். "மாபேல், கேலி பண்ணிப் பண்ணி உன் தம்பியைப் பொய் எழுத வைத்தது நான். மன்னித்துக்கொள். இந்த வாரம் நாங்கள் மூன்று பேரும் உன் அப்பாவோடு சாப்பிட்டோம். திங்கள் பருப்பு, செவ்வாய் பூசணி, புதன் பருப்பு. ஒரே ஜோடி செருப்பு. கடற்கரைச் சாலை வரை நடந்தார். திரும்பி வரும் வழியை எனக்கு அவர்தான் காட்டினார். உப்பு கம்மி என்று என்னை எழுதச் சொன்னார்."

வில்மார் அதன் சுட்டியை அக்காவுக்கு அனுப்பினான். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. வேலை நேரத்தில் நிபியா பின்னூட்டப் பகுதியை நூறு தடவை திறந்து பார்த்தாள். மூன்றாம் நாள் காலை மாபேலிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது.

"உப்பு கம்மின்னு சண்டை போட்டாரா?"

"என் கிட்டயும் போட்டார், ஒத்திலியா கிட்டயும் போட்டார்."

பதில் உடனே வந்தது. "அப்போ அவர் அவராத்தான் இருக்கார். வில்மாரைப் பழையபடி எழுதச் சொல்லு. கிறிஸ்துமஸுக்கு வர்றேன்."

அடுத்த இருபத்தொன்பதாம் தேதி நியோக்கித் தட்டோடு உட்கார்ந்தபோது வில்மார்தான் முதலில் கேட்டான்.

"எனக்கு எந்த இடம்?"

"எது வேணும் சொல்லு. இந்தத் தடவை மார்க் போடவே எனக்குப் பயமா இருக்கு."

"கடைசி. அதுல மாபேலுக்கு ஒரு சந்தேகமும் வராது."

நிபியா அரை மாத்தே என்று சத்தமாகப் படித்தாள். மூன்று பேரும் கைதட்டினார்கள். பிறகு வெந்நீர் ஊற்றி முதல் குடுவையை அவனிடம் நீட்டினாள். அவன் நிதானமாக, அடியில் சத்தம் வரும்வரை உறிஞ்சினான். ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்தான். அவள் மறுபடியும் ஊற்றினாள்.