குற்றாலலிங்கம் வக்கீலுக்கு வந்த காய்ச்சல்

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, வஞ்சியூர் கோர்ட் கேன்டீனில் நின்று சூடாகப் பழம்பொரி தின்றுகொண்டிருந்தபோதுதான், தனக்குக் காய்ச்சல் என்பது குற்றாலலிங்கம் வக்கீலுக்கே தெரியவந்தது. மலேசியாவில் ஈப்போ ஊர் வக்கீல் திவ்யலட்சுமி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்.

"சார், காய்ச்சல் இப்ப எப்படி? நீங்க எழுந்திரிக்க முடியாம படுத்திருக்கீங்கன்னு நேத்து ஜட்ஜ்கிட்ட சொன்னேன். வியாழன் காலை ஒன்பது மணிக்குத் தேதி கொடுத்திருக்காங்க. உங்க அஃபிடவிட்டோட டாக்டர் சர்டிபிகேட்டும் சேர்த்து வைக்கணுமாம். நல்லா ரெஸ்ட் எடுங்க."

மீதிப் பழம்பொரியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இவர்தான் எழுதியிருந்தார். ஒரு தேதி வாங்கிக்கிடுங்க மேடம், எனக்குச் சுகமில்லன்னு சொல்லுங்க என்று. அவ்வளவுதான். இந்தக் கோர்ட்டில் அதை யாரும் பொய்யாக எண்ணுவதில்லை. ஜூனியர் எழுந்து, சீனியருக்குச் சுகமில்லை என்பான். எதிர்க்கட்சி வக்கீல் தலையாட்டுவார், நாளைக்கு அவருக்கும் சுகமில்லாமல் போக வேண்டுமே. ஜட்ஜ் ஆளைப் பார்க்க மாட்டார், காலண்டரைத்தான் பார்ப்பார். இருபத்தாறு வருஷப் பிராக்டீசில் குற்றாலலிங்கத்துக்கு இப்படி வந்த காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் கூட்டிப் பார்த்தால் மனிதர் பிழைத்திருக்கவே கூடாது.

அங்கே அப்படி இல்லை போலிருக்கிறது. சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.

போன வருஷம் மலேசியாவிலிருந்து பதினோரு வக்கீல்கள் வந்திருந்தார்கள். ஹோட்டலில் கூட்டம், சால்வை, குரூப் போட்டோ. இரண்டு நாட்டு வக்கீல்களும் ஒருத்தருக்கொருத்தர் கைகொடுக்க வேண்டும், ஒரு போன் போதும் என்று மைக்கைப் பிடித்துப் பேசியவர் குற்றாலலிங்கம்தான். அதோடு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். ஒரு வருஷமாக அதில் வந்ததெல்லாம் குட்மார்னிங் ரோஜாப்பூவும் ஓணம், தீபாவளி வாழ்த்தும்தான். உருப்படியாக வந்த முதல் காரியம் இந்தக் கேஸ்.

தம்பானூரில் ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை பார்க்கும் சுஜாவின் கேஸ். அவளுடைய அக்காவும் மச்சானும் ஈப்போ பக்கம் ரோட்டு விபத்தில் போய்விட்டார்கள். அவர்களுடைய ஆறு வயசு மகள் ஷாமினி நாலு மாசமாக அங்கே ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். பிள்ளையைச் சித்தியிடம் அனுப்பக் கோர்ட்டுக்குச் சம்மதம்தான். இந்தியச் சட்டப்படி சித்தி வளர்ப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை என்று இங்கத்த வக்கீல் ஒருத்தர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். அந்த அஃபிடவிட் காகிதம் ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை தருவதாகக் குற்றாலலிங்கம் சொல்லியிருந்தார். விதுரா ஊர் நிலக்கேஸ் விசாரணை இடையில் வந்தது. எழுதவில்லை.

அறைக்கு வந்து குமஸ்தா பிச்சைக்கனியிடம் போனைக் காட்டினார்.

"இதுக்கா சார் மொகம் இப்படி ஆயிட்டு?" என்றார் பிச்சைக்கனி. "நமக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரே. சாயங்காலத்துக்குள்ள கையில தாறேன். என்ன சீக்கு வேணும்னு மட்டும் சொல்லுங்க."

"காய்ச்சல்னு சொல்லியாச்சே."

"சரி, அப்பம் காய்ச்சல்னே வாங்குதேன். மூணு நாளா, அஞ்சு நாளா?"

"மூணு போதும் ஓய்."

பிச்சைக்கனி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குற்றாலலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், மறுபடி சாத்தினார். கம்ப்யூட்டரில் நாலு வரி அடித்தார். சத்தியம் செய்து சொல்கிறேன் என்று தொடங்கும் காகிதம். அதன் பின்னால் இந்தச் சர்டிபிகேட்டைக் குத்த வேண்டும். அடித்ததை அழித்தார். மறுபடியும் அதையே அடித்தார்.

இரண்டு மணிக்குச் சுஜா வாசலில் வந்து நின்றாள். கையில் தூக்குச்சட்டி.

"சார் எந்திரிச்சு ஆபீசுக்கே வந்தாச்சா? ஈப்போ மேடம் போன்ல சொன்னாங்க, சாருக்குத் தீரெ வய்யா, படுத்த படுக்கைன்னு. வீட்டுக்குப் போலாம்னு இறங்கினேன். வழியில பிச்சைக்கனி அண்ணனப் பாத்தேன், சார் இங்கதான் உண்டுன்னாரு."

தூக்கைத் திறந்து மேசையில் வைத்தாள். கஞ்சி, சிறுபயறுத் தோரன், சுட்ட அப்பளம்.

"எங்க ஹோட்டல் கஞ்சி இல்ல சார். தனியா வச்சது. உப்புக் கொறச்சுத்தான் போட்டேன்."

அவர் ஒரு கரண்டி குடித்தார். இரண்டாவது கரண்டியை எடுத்துவிட்டுக் கீழே வைத்தார். அவள் கண் அவருடைய நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தது, தொட்டுப் பார்க்கலாமா என்கிற மாதிரி.

"சுஜா, எனக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்ல மோளே."

"விட்டுட்டா சார்?"

"வரவே இல்ல. காகிதம் எழுதி முடிக்கல. அதான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பளத்தின் ஓரத்தை விரலால் ஒடித்துக்கொண்டே சொன்னாள்.

"நேத்துக் காலத்த ஷாமினி குளிச்சு, பேக்க எடுத்து, கேட்டுக்குப் பக்கத்துல வச்சிட்டு நின்னாளாம். சித்திகிட்டப் போறோம்னு. காப்பகத்துல பாத்துக்கிடுத அம்மா வீடியோல காட்டினாங்க. மத்தியானம் சோறு திங்க உள்ள வரமாட்டேன்னுட்டாளாம்."

குற்றாலலிங்கம் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

"கஞ்சியக் குடிங்க சார், ஆறிப்போகும். குடிச்சிட்டு எழுதுங்க. நான் இங்கினயே இருக்கேன்."

"உனக்கு டியூட்டி இல்லியா?"

"லீவு சொல்லிக்கிடுதேன்." தூக்கின் மூடியை எடுத்து ஓரமாக வைத்தாள். "சுகமில்லன்னு."

கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். குற்றாலலிங்கம் எழுதினார். அவர் போனை எடுத்தால் அவள் நிமிர்ந்து பார்த்தாள். வைத்தால் குனிந்துகொண்டாள். நாலரை மணிக்கு எட்டுப் பத்தி முடிந்தது.

அப்போது பிச்சைக்கனி ஈரக்குடையோடு வந்தார். சுஜாவைப் பார்த்ததும் கவரைச் சட்டைக்குள் செருகப் போனார்.

"அவளுக்குத் தெரியும். காட்டும் ஓய்," என்றார் வக்கீல்.

வைரல் காய்ச்சல், மூன்று நாள் பூரண ஓய்வு. சீல், கையெழுத்து, எல்லாம் கனகச்சிதம். குற்றாலலிங்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தரம் அறையைச் சுற்றினார். பிறகு ஈப்போவுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார்.

"சார், கோர்ட்டுல என் வாயால சொல்லியிருக்கேன்," என்றார் திவ்யலட்சுமி. "நீங்க சொன்னதாலதானே சொன்னேன்."

"சர்டிபிகேட் கையில இருக்கு மேடம். வேணும்னா..."

"வேணாம்லா. அத வச்சா ரெண்டு பொய் ஆயிடும். நான் போய்த் திருத்திச் சொல்லணும். உங்க காகிதத்தையே வேணாம், வேற வக்கீல்கிட்ட வாங்குங்கன்னு ஜட்ஜ் சொன்னா, இன்னும் ஒரு மாசம் போகும். பிள்ளை காத்திருக்கும்."

"காகிதத்துலயே நான் எழுதித் தாறேன். உங்க மேல குத்தம் இல்லன்னு."

"எழுதுங்க," என்று வைத்துவிட்டார். ரெஸ்ட் எடுங்க என்று சொல்லவில்லை.

ஒன்பதாவது பத்தி எழுத எட்டுப் பத்திக்கும் ஆன நேரம் ஆனது. எனக்கு நோய் ஒன்றும் இல்லை. வேலையை முடிக்காததை மறைக்க அப்படிச் சொல்லச் சொன்னேன். அந்த வக்கீல் என்னை நம்பித்தான் சொன்னார். நோட்டரி வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"குற்றாலலிங்கம், இது வேணுமா?"

"சீல் வையும் ஓய்."

ஸ்கேன் அன்றைக்கே போனது. புதன் முழுக்க அவருக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. வியாழக்கிழமை அங்கே ஒன்பது என்றால் இங்கே காலை ஆறரை. ஆறரைக்குப் போனைக் கையில் எடுத்தவர் ஏழே காலுக்கு அது அடித்தபோது கீழே போட்டார். மறுபடி எடுத்தார்.

"அந்த ஒன்பதாவது பத்திய என்னையே சத்தமா வாசிக்கச் சொன்னாங்க சார்," என்றார் திவ்யலட்சுமி. "பத்து நிமிஷம் எனக்குத்தான் திட்டு. விசாரிக்காம எப்படிச் சொன்னேன்னு."

"மன்னிக்கணும் மேடம்."

"பிள்ளையக் கொடுக்க ஆர்டர் போட்டாங்க. ஆனா ஸ்கேன் காப்பிய நம்ப மாட்டாங்களாம். ஒரிஜினல் மேசைக்கு வந்தாத்தான் விடுவாங்க. எப்ப வந்து சேரும்? உண்மையான தேதி சொல்லுங்க."

ரெண்டு நாளில் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"கூரியர்காரங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும். ஒன்பது மணிக்குத்தான் திறப்பாங்க."

"சரி. இருக்கேன்."

சுஜாவுக்குச் சொல்லிவிட்டு, கவரை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினார். எட்டரைக்கெல்லாம் கூரியர் ஆபீசின் மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்றார். பத்து நிமிஷத்தில் சுஜாவும் வந்துவிட்டாள். ஹோட்டல் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

ஒன்பதேகாலுக்குக் கூரியர் ஆபீஸ் பையன் ஷிபின் வந்து சாவகாசமாகப் பூட்டைத் திறந்தான். கவரை எடை போட்டான்.

"திங்களாழ்ச்ச எத்தும் சாரே," என்றான். திங்கட்கிழமை போய்ச் சேருமாம்.

"உறப்பா? நிச்சயமா?"

"மழையில பிளைட் லேட் ஆனா செவ்வாய்."

"செவ்வாய் உறப்பா?"

"செவ்வாய் உறப்பு."

குற்றாலலிங்கம், செவ்வாய் என்று எழுதி அனுப்பினார். உடனே பதில் வந்தது. செவ்வாய் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்கிறேன், காப்பகத்துக்கும் சொல்லிவிடுகிறேன், பிள்ளையிடம் சொல்லிவிடுவார்கள்.

சுஜா எட்டிப் பார்த்து அதை வாசித்தாள். "செவ்வாய் விடிஞ்சதும் பேக்கோட கேட்டுல போய் நின்னுடுவா சார்," என்றாள். வக்கீல் மறுபடியும் கவுண்டரில் சாய்ந்தார்.

"தம்பி, செவ்வாய்னா காலத்தயா, சாயங்காலமா?"