ஆர்க்கிட்டின் நல்ல பக்கம்

தையல்காரர் ஆர்க்கிட் தொட்டியைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் மனைவியின் வீடியோ காலை எடுப்பார். பசுமையான இலைகள் கேமராவுக்கு. மஞ்சளாகித் துவண்டவை சுவருக்கு. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி புறப்பட்டபோது அந்த ஆர்க்கிட் பூத்திருந்தது. "அடுத்த தடவை இது பூக்கும்போது லீவு போட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவருக்கு அந்தச் செடிதான் காலண்டர்.

இன்று அவள் விடவில்லை.

"மாஸ்டர், தொட்டியைத் திருப்புங்க" என்றாள், தொழிலைச் சொல்லிக் கூப்பிடும் அவர்களுடைய வழக்கமான கேலியில்.

"எதுக்கு சிஸ்டர்? இந்தப் பக்கம்தான் லட்சணமா இருக்கு."

"காயத்தை மறைக்கிற பேஷண்ட் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! திருப்புங்க."

திருப்பினார். அவள் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டு வந்தாள்.

"தண்ணி எப்ப விட்டீங்க?"

"காலையில."

"அதுக்கு முன்னாடி?"

"நேத்து சாயங்காலம்..." என்று இழுத்தார். "இலை சுருங்கியிருந்துச்சு. தாகம்னு நினைச்சேன்."

உண்மையில், அவள் நினைப்பு வந்தபோதெல்லாம் ஊற்றியிருந்தார்.

"வேர் அழுகினாலும் இலை இப்படித்தான் சுருங்கும். தண்ணி இருக்கும், குடிக்க வாய் இருக்காது. வெளியே எடுங்க."

வேர்கள் பழுப்பேறிக் கொழகொழத்திருந்தன. விரலால் அழுத்தினால் தோல் கழன்று நார்தான் மிஞ்சியது. இரண்டே இரண்டு மட்டும் பச்சையாக, விறைப்பாக இருந்தன.

"அழுகினதை வெட்டுங்க. உங்க துணிக் கத்தரிக்கோல்தான் கூர்மையா இருக்கும்."

முனை மழுங்கிவிடும் என்று அதால் காகிதம் வெட்டக்கூட யாரையும் விடாதவர், மறுபேச்சில்லாமல் ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்து வந்தார். பூஞ்சை பிடிக்காமலிருக்க, அவள் சொன்னபடி வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைப் பொடி தொட்டு வைத்தார். தொட்டியிலிருந்த ஊறிப்போன பட்டையைக் கொட்டிவிட்டுப் புது மரப்பட்டைத் துண்டுகளில் செடியை நிறுத்தினார்.

"ஒரு வாரம் தண்ணியே காட்டாதீங்க."

"பூ?"

"இந்த வருஷம் வராது. முதல்ல வேர் விடட்டும்."

"அப்போ உன் லீவு?"

அவள் தலை குனிந்தாள்.

"போன மாசமே கேட்டேன். இல்லைன்னுட்டாங்க. நீங்க தினமும் பூ வந்துடும், பூ வந்துடும்னு சொன்னீங்களா... எனக்குச் சொல்ல வாய் வரல."

அவர் மண்ணில்லாத கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"போனை வச்சிடாதே. ஒரு சட்டை முடிக்கணும்" என்றார் கடைசியில்.

"கழுத்துப் பட்டியா? தைங்க, பார்க்கிறேன்."

போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு மெஷினை மிதித்தார்.

"சத்தம் தொந்தரவா இருக்கா?"

"இல்லைங்க" என்றாள், கண்ணை மூடியபடி. "நிறுத்தாதீங்க."