பெரட்டு

ஜனாதிபதித் தேர்தலில் நிற்கும் இருவரும் டிவியில் விவாதிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கரண்ட் இல்லாத எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் டிவி நாடகம் பார்ப்பதை நிறுத்தினோம். லுணுகலை டவுனில் சார்ஜ் ஏற்றிவந்த பேட்டரி அன்றைக்கு இருக்க வேண்டுமே.

பேச்செல்லாம் கேள்வி கேட்கப்போகிறவரைப் பற்றித்தான். அவர் யாருக்கும் பயப்படாதவராம்.

"நம்ம காணி, வீடு பத்திக் கட்டாயம் கேப்பாரு," என்றான் டிவி வைத்திருந்த விஜேந்திரன். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

கொழுந்து பறித்து வந்த கருப்பம்மாவுக்கு எரிச்சல். "தெனமும் காலையில பெரட்டுல நிக்கிறோம். பேரு கூப்பிடுறாங்க, குரல் குடுக்குறோம், மலைக்குப் போறோம். ஒனக்கு என்ன வேணும்னு எவன் கேட்டான்?" என்றாள். ஆனாலும் விவாதத்தன்று சாயங்காலம் டிவிக்கு முன்னால் முதலில் உட்கார்ந்தவள் அவள்தான்.

கேள்வி கேட்பவர் திரையில் வந்தார். சிங்களத்தில் வரவேற்றுவிட்டு, "வணக்கம்" என்றார். நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "வணக்கம்" என்றோம். அதன்பிறகு எல்லாமே சிங்களம். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த விஜேந்திரன், போகப்போகத் தலையைக் குனிந்துகொண்டான். எங்களைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாமல் விவாதம் முடிந்தது.

கருப்பம்மா எழுந்து சேலையை உதறினாள்.

"கூப்பிட்டாரு, குரல் குடுத்துட்டோம். பெரட்டு முடிஞ்சிருச்சு, எந்திரிங்க."